சீனியும் சீலமும்

நீரிழிவு நோயை எங்கள் உடுவிற் பகுதியிலே முதியோர் சலரோகம் என்பர். இளையோர் அவ்வளவு தூரம் போவதில்லை. 'அவருக்குச் சீனி' என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுவர். நோய்க்கும், கடையில் நிறுத்து வாங்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர் வழங்குகிறது. பெயர் ஒன்றானதும் தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. சீனி வந்தது சீனி தின்றதனால். தின்றவர் வாயைக் கட்டத் தெரியாதவர். ஆகவே வந்தது அவர் தேடிக்கொண்டதே. மலேரியாக் காய்ச்சல் கண்டவரைப்பற்றி நாம் இவ்வாறு பேசுவதில்லை. நுளம்பு கடித்தது என்கிறோம்; வாய்க்காலிலே நீர் தேங்கி நின்றது என்கிறோம்; சுகாதாரப் பகுதியார் மருந்தடிக்கத் தவறினர் என்கிறோம். சலரோகக்காரர் விடயத்தில் மாத்திரம் நுளம்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அவரும் அவருடைய நாவுமே எஞ்சி நிற்கின்றனர்.

இத்தீர்ப்பு நியாயமானதா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா. இது வைத்தியரிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய வினாவன்று. ஒருவன் உண்பதற்கு அவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? அவனிடம் அடக்கத்தைக் கோரும் உரிமை அவனைச் சூழ்ந்திருப்போருக்கு எப்போது உண்டாகிறது?

முதலில் நோயின் இயல்பைச் சிறிது தெளிந்துகொள்ளுதல் வேண்டும். நாம் உண்ணும் சோறும் பாணும் பிட்டும் பழமும் குடலிலே கரைந்து குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றன. அக்குளுக்கோசை உடற் கலங்களுக்குள்ளே புகவிடுவது சதையியிலே சுரக்கும் இன்சுலின். சில பிள்ளைகளுக்கு உடலின் காப்புச் சக்தியே திசைமாறி, இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. இப்பிள்ளைகள் இனிப்புத் தின்று நோயைத் தேடிக்கொண்டவர்கள் அல்லர். 1922ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கனடாவின் தொரொன்டோ நகரிலே பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரை, இத்தகைய பிள்ளைகளுக்கு வைத்திய உலகம் வழங்க முடிந்ததெல்லாம் உயிரைச் சில மாதங்கள் இழுத்துப் பிடிக்கும் பட்டினி ஒன்றே. இன்சுலினைக் கண்டறிந்தோர் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குத் தொரொன்டோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். நூறாண்டு சென்ற பின்னும் அம்மருந்தை விலைகொடுத்து வாங்க இயலாதோர் உலகிலே கோடிக்கணக்கில் இருப்பதை நினைக்கும்போது, அந்த ஒரு டொலரின் பெருமையும் பின்னர் வந்தோரின் சிறுமையும் சேர்ந்தே புலப்படும்.

பெரும்பாலோருக்கு வருவது மற்றொரு வகை. இன்சுலின் சுரக்கிறது; ஆனால் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குன்றிவிடுகிறது. பரம்பரையும் உடற் பருமனும் உழைப்பின் குறைவும் நித்திரைக் குறைவும் இதற்குக் காரணமாகின்றன. சீனிக்கும் இதிலே பங்குண்டு. ஆயின் சீனியே முழுமுதற் காரணம் என்பது பிழை. நோய் வந்த பின்பும் சீனியை மட்டும் விலக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழையே. தேநீரிலே சீனி சேர்ப்பதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு மூன்று நீத்துப்பெட்டி பிட்டை உண்டு முடிப்போர் நம்மிடையே பலர். பனங்கட்டி நம் மண்ணின் பொருள், ஆதலால் அது தீங்கு செய்யாது என்று நம்புவோர் அவரினும் பலர். பனையை நேசிப்பதில் நாம் எவர்க்கும் பின்னிற்பவர் அல்லேம். எனினும், பதநீரைக் காய்ச்சி எடுத்தாலும் கரும்பைப் பிழிந்து எடுத்தாலும் இரத்தத்திற்குச் சென்று சேர்வது ஏறத்தாழ ஒன்றே. தேசப்பற்றைச் சதையி அறியாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், உணவிலே சேர்க்கப்படும் சீனி முதலியன மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்றும், ஐந்துக்குள் அடங்கினால் இன்னும் நன்று என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இது 50 கிராம். நன்றென்று சொல்லப்பட்ட அளவு 25 கிராம். தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம் கொள்ளும் என வைத்துக்கொண்டால், இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீர் ஐந்து குடித்ததும் மேல் வரம்பு வந்துவிடுகிறது. ஐந்து தேநீர் என்பது எங்கள் ஊர்த் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு மிகையான கணக்கன்று. விடியற் புறத்திலே வெறும் வயிற்றோடு ஒன்று, வெங்காயத் தறையிலே ஒன்பது மணியளவில் ஒன்று, மதிய உணவு பிந்தும் நாளில் பசியை ஒத்திவைக்க ஒன்று, மாலையில் ஒன்று, வீடு திரும்பி ஒன்று.

இவர் ஏன் இவ்வாறு குடிக்கிறார்? நாவடக்கம் இல்லாமையாலா? ஒரு முட்டையின் விலைக்கும் இரண்டு கரண்டி சீனியின் விலைக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தால் விடை கிடைக்கும். பயற்றங்காயும் கீரையும் அவர் கையாலேயே விளைகின்றன. சுன்னாகம் சந்தைக்குப் போய்க் காசாகின்றன. அவருடைய கோப்பைக்கு வருவதோ சீனி. உழைப்பதற்கு வேண்டிய சக்தியை மிகக் குறைந்த செலவிலே தருவது அதுதான். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இனிப்பிட்ட தேநீரையும் பாணையும் கொண்டு நாளைக் கழித்த அதே கணக்கு.

அந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆபிரிக்க அடிமைகளின் முதுகெலும்பிலே கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1834 முதல் மொரிசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோருள் தமிழரும் இருந்தனர். கரும்பு வெட்டியோரின் வழித்தோன்றல்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதை மொரிசியசிலும் பிஜியிலும் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. கரும்பை அவர்கள் தின்று தீர்த்ததனால் வந்ததன்று அது. குலைந்த உணவும் மாறிய வாழ்வும் பரம்பரையும் கூடி விளைந்தது.

தன்னடக்கமே எல்லாம் என்று வாதிப்போர் முன்னே நாம் வைக்க விரும்பும் சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவிலே சீனி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. போர் முடிந்து எட்டாண்டு சென்ற பின்னரே, 1953 செப்டெம்பர் இறுதியில், அப்பங்கீடு நீங்கியது. நீங்கியதும் மக்கள் உண்ட சீனி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பங்கீட்டின் கீழ்க் கருவாகிப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும், அது நீங்கிய பின் பிறந்தோரையும் முதுமையில் ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2024இல் வெளியாயிற்று. கருவிலிருந்து இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாட்கள் பங்கீட்டுக்குள் அமைந்தோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தது. வந்தோருக்கும் சில ஆண்டுகள் பிந்தியே வந்தது.

இந்தப் பிள்ளைகள் எந்த நோன்பு நோற்றார்கள்? எந்த இனிப்பை எண்ணிப் பார்த்து வேண்டாமென்று தள்ளினார்கள்? தொட்டிலிலே கிடந்தவர்களுக்குச் சீலம் ஏது! அவர்களைக் காத்தது ஒரு சட்டம். பணக்காரன் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒரே அளவை விதித்த பங்கீட்டு அட்டை. எழுபது வயதில் இருவர் ஒரே வைத்தியசாலை வாங்கிலே அமர்ந்திருக்க, ஒருவரை ஒழுக்கமுடையவர் என்றும் மற்றவரை நாவடக்கமற்றவர் என்றும் நாம் பிரித்தால், அவர்களுடைய பிறந்த திகதிக்கு நற்சான்றிதழ் வழங்கியவர்களாவோம்.

அதே 1953ஆம் ஆண்டு, அங்கே பங்கீடு நீங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், இலங்கையிலே என்ன நடந்தது? அரசாங்கம் அரிசி விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலாக மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனைப் பசியின் போராட்டம் என்று மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம். கருவிலே பட்ட பசி பிற்காலத்தில் நீரிழிவாக முளைக்கும் என்பது அன்று எவர்க்கும் தெரியாது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்திலே நெதர்லாந்தில் தாய் வயிற்றிலிருந்த பிள்ளைகள் நடுவயதடைந்தபோது அவர்களுடைய உடல் குளுக்கோசைக் கையாள இடர்ப்பட்டதை ஆய்வாளர் கண்டனர். தாயின் கோப்பையில் சோறு குறைந்தாலும் கேடு. பிள்ளையின் கோப்பையிற் சீனி மிகுந்தாலும் கேடு. இரண்டையும் ஒருசேர அனுபவித்த தலைமுறைகள் நம்முடையவை.

இவ்விடத்திலே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்த காலத்தைப்பற்றிச் சிலர் ஒருவகை ஏக்கத்தோடு பேசக் கேட்கிறோம். சீனி அரிது, எண்ணெய் அரிது, எரிபொருள் இல்லாமையால் எல்லோரும் சைக்கிள் மிதித்தனர், உடம்பு கட்டாக இருந்தது என்பர். இருக்கலாம். ஆனால் பங்கீடு வேறு, முற்றுகை வேறு. பங்கீட்டிலே எல்லார்க்கும் ஓரளவு என்ற நீதி உண்டு. அது பிள்ளைக்குரிய பாலைப் பறிப்பதில்லை. முற்றுகையோ சீனியை மறித்த கையாலேயே மருந்தையும் மின்சாரத்தையும் மறித்தது. இன்சுலின் குளிரில் வைக்கப்பட வேண்டிய மருந்து. மின்சாரமற்ற வீட்டிலே அதனை வைத்திருந்தோர் ஈரமண்ணையும் பானைத் தண்ணீரையும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. பிறர்மேற் சுமத்தப்பட்ட வறுமையை ஆரோக்கியம் என்று புகழ்வோர், அக்காலத்தில் ஊசி மருந்து தேவைப்பட்ட ஒரு பிள்ளையின் தாயிடம் சென்று அப்புகழ்ச்சியைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்தப் போரின் நிழல் எண்களிலும் விழுந்தது. 2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வு வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நாடளாவியது என்றோம், வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. நம்முடைய நோய் எண்ணப்படவே இல்லை. எல்லா மாகாணங்களையும் உட்படுத்தி 2018-19இல் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வின் கணக்கு நூற்றுக்கு 23. முறைகள் வேறானமையால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்த்தல் தகாது. ஆயினும் நான்கிலே ஒருவரை அணுகிவிட்ட நோயைத் தனிமனிதரின் குணக்கேடு என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஒரு நாட்டின் வளர்ந்தோரிற் காற்பங்கினர் திடீரென நாவடக்கம் இழந்துவிட்டனரா?

அரசின் நடத்தையைப் பாருங்கள். 2016 ஓகஸ்டிலே இனிப்புப் பானங்களின் போத்தல்கள் மீது சிவப்பு, மஞ்சள், பச்சை என நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல செயல், எழுத்தறியாதவரும் நிறமறிவர். 2017 நவம்பரில் அப்பானங்களிலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி வந்தது. ஓராண்டு கழிந்ததும் அது 30 சதமாகக் குறைந்தது. பின்பு 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனி மீதிருந்த கிலோவுக்கு 50 ரூபா வரி ஒரே இரவில் 25 சதமாயிற்று. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்று பாராளுமன்றத்திலே பேசப்பட்டது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. இலாபம் எங்கே தங்கியதென்று வாசகர்கள் அறிவர். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. வெளியில் வாங்குமாறு துண்டெழுதிக் கொடுத்தனர். அத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதரிடந்தான் நாம் 'வாயைக் கட்டும்' என்று உபதேசித்தோம்.

தமிழில் இவ்வுபதேசத்துக்கு மேற்கோள் காட்டுவோர் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தை நாடுவர். 'மருந்து' என்னும் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் அளவையும் காலத்தையும் பேசுகின்றன. பாடசாலைகளிலே நாம் கற்பிப்பனவும் பெரும்பாலும் அவையே. ஆனால் வள்ளுவர் அத்துடன் நிற்கவில்லை. எட்டாவது குறள் நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் தேடுமாறு வைத்தியனைப் பணிக்கிறது. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். நோயாளி நான்கில் ஒரு கூறு. நாம் அவன் தலையிலே நான்கையும் சுமத்திவிட்டு, ஒன்பதாம் வகுப்பு வினாத்தாளில் அக்குறளுக்குப் பொருள் எழுதுமாறு கேட்கிறோம்.

நம் தோழர்களுள் சிலர் இதைக் கேட்டு மகிழ்ந்து, அப்படியாயின் சமுதாயம் மாறும்போது நோயும் மாறும், அதுவரை நோயாளிக்குக் கடமை எதுவுமில்லை என்று முடித்துவிடக் கூடும். அம்முடிபை நாம் ஏற்கவில்லை. செம்மண் தோட்டத்திலே வெறுங்காலோடு மண்வெட்டி பிடிப்பவரை எண்ணிப் பாருங்கள். இரத்தத்திற் சீனி பல்லாண்டு மிகுந்து நின்றால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் ஏறியது தெரிவதில்லை. போத்தலோடு கீறியது தெரிவதில்லை. புண் பெருத்து, விரல் கறுத்து, ஈற்றிலே காலை எடுக்க நேரும்போது சமுதாய மாற்றம் வந்து சேர்ந்திராது. கூலிக்கு வேலை செய்பவரின் கால் அவருடைய குடும்பத்தின் சோறு. தன் இரத்தத்தின் அளவை அறிவதும், தட்டிலே சோற்றைக் குறைத்து இலைக்கறியைக் கூட்டுவதும், இரவிலே பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவர் தமக்குத் தாமே செய்ய வேண்டியவை. வேறெவரும் செய்ய இயலாதவை. இதிலே சுதந்திரமும் இருக்கிறது. ஆயின் அதனைச் சீலம் என்று பெயரிட்டுப் பீடத்தில் ஏற்றுவதால் நன்மையிலும் தீமையே மிகுதி.

ஏனெனில் நம் மரபிலே அடக்கம் என்பது பெரும்பாலும் நோன்பின் வடிவத்தில் வந்தது. கந்தசட்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருப்போர் எங்கள் ஊர்களிலே உண்டு. அவர்களுடைய மன உறுதியை எவர் ஐயுறுவர்? ஆனால் நோன்புக்கு ஒரு பாறணை உண்டு. ஏழாம் நாட் காலையிலே அது முடிகிறது, பார்ப்போர் மெச்சுகின்றனர். நீரிழிவின் அளவுக்குப் பாறணை இல்லை, மெச்சுவோரும் இல்லை. அது வீரச் செயலன்று, நாளாந்தக் கணக்கு. ஆறு நாள் முற்றாகத் துறக்கத் தெரிந்த நாம், அறுபது ஆண்டு அரைக் கரண்டியோடு வாழப் பழகவில்லை. நோயாளி 'இன்று முதல் எதுவும் தொடேன்' என்று சபதமிடுகிறார், இரண்டு வாரத்தில் கலியாண வீடொன்று வருகிறது, சபதம் முறிகிறது, முறிந்த பின், எல்லாம் போயிற்று என்று அளவையும் கைவிடுகிறார். சபதமே இடாதிருந்தால் ஒரு பலகாரத்தோடு நின்றிருப்பார்.

பீடத்தின் மற்றொரு கேடு பொய். கிளினிக் நாளுக்கு முன் இரண்டு நாள் குறைத்து உண்டுவிட்டுச் செல்வது, பரீட்சைக்கு முதல்நாள் மாத்திரம் புத்தகத்தைத் தொடும் மாணவனின் தந்திரம். அதைப் பிடிப்பதற்குப் போலும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை வந்திருக்கிறது! தண்டனைக்கு அஞ்சும் மாணவன் தன் தெரியாமையை மறைக்கிறான் என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். ஏச்சுக்கு அஞ்சும் நோயாளியும் தன் உணவை மறைக்கிறார். மறைக்கப்பட்ட உணவுக்கு வைத்தியர் குளிசையைக் கூட்டுகிறார். உண்மையைச் சொல்வதற்கு ஏற்ற இடமாக அந்த மேசை அமைய வேண்டுமாயின், அங்கே நீதிபதி அமர்ந்திருத்தலாகாது. கையில் கொடுக்கும் துண்டும் நோயாளி வாசிக்கும் மொழியிலே இருத்தல் வேண்டும். உடுவிலுக்கு அயலிலுள்ள மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேலை வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழாக்கினார். இத்தனை காலத்தின் பின்பும் தம் இரத்தப் பரிசோதனையின் ஆங்கில எழுத்துக்களை அயல்வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் பொருள் கேட்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

பேணுவோன் என்று வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு நம் வீடுகளிலே பெரும்பாலும் பேணுவோள். கணவனுக்குச் சலரோகம் என்றால் மனைவி குரக்கன் மா அரித்து வேறு பிட்டு அவிக்கிறாள். மனைவிக்கு அதே நோய் என்றால் அவளுக்கு வேறு அடுப்பு மூட்டுவார் யார்? எல்லோரும் உண்டு எஞ்சிய சோற்றை, வீணாகக் கூடாதென்று, அவளே உண்டு முடிக்கிறாள். அவளை நாவடக்கம் அற்றவள் என்று கூறுவோர் அந்தப் பானையை ஒருமுறை கழுவிப் பார்த்தல் நலம்.

பாடசாலையிலும் ஒன்று சொல்ல உண்டு. இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலே ஓடி முடித்த பிள்ளையின் உள்ளங்கையிற் குளுக்கோசு மாவைக் கொட்டும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. நூறு மீற்றர் ஓடிய பிள்ளைக்கு வேண்டியது தண்ணீர்.

விருந்தோம்பல்தான் எல்லாவற்றினும் கடினம். தேநீரை மறுத்தல் நம்மவரிடையே வீட்டாரை மறுத்தலாகக் கொள்ளப்படுகிறது. செத்த வீட்டிலும் சீனி கலந்தே கோப்பை வருகிறது. அந்நேரத்தில் தம் நோயை அறிவித்து வேறு கோப்பை கேட்க எவர் வாய் திறப்பார்? நோயாளி ஒன்றில் தம் உடலுக்குத் தீங்கு செய்ய வேண்டும், அல்லது தம் இரத்தத்தைச் சபையிலே விளம்பரப்படுத்த வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பது அறமாகுமா? சனசமூக நிலையத்தின் கூட்டங்களிலாவது இதனை மாற்றலாம். தேநீரைச் சீனியின்றியே ஊற்றுக. சீனியைக் கிண்ணத்தில் வேறாக மேசையின் நடுவே வைக்குக. வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாதவர் காரணம் கூறத் தேவையில்லை. முதற் கூட்டத்திலே கசக்கிறதென்று சிலர் முகஞ்சுளிப்பர். கிண்ணத்தை இரண்டாம் முறை நிரப்பவும் நேரிடலாம். நிலையத்தின் கணக்குப் புத்தகத்திலே சீனிக்கென்று எழுதும் தொகையை ஓராண்டு கழித்து எடுத்துப் பார்ப்போம்.